6பிடி எஞ்சினில் டிக் டிக் சத்தம்: டாப்பெட்டா, மெனிஃபோல்டா?

மணலி_டிரெய்லர்:
வணக்கம் அண்ணே. 40 அடி டிரெய்லர், கம்மின்ஸ் 6பிடி 5.9 லிட்டர் டீசல் எஞ்சின், 12 வால்வு, இன்லைன் பம்ப். மணலி யார்டுக்கும் துறைமுகத்துக்கும் கன்டெய்னர் ஓட்டம். எண்ணூர் விரைவு சாலையில வரிசையில மாட்டுனா மணிக்கணக்கா ஐடிலிங்தான். காலையில ஸ்டார்ட் பண்ணதும் வலது பக்கம் டிக் டிக்னு பலமா கேக்குது. சூடு ஏறுனா கால் மணி நேரத்துல பாதியா குறையுது, முழுசா போகல. ரேஸ் பண்ணா சத்தமும் கூடவே வேகமாகுது. ஆயில் பிரஷர் சரியா இருக்கு, புகையும் இல்ல, இழுவையும் பழையபடிதான். டாப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியை, கொஞ்சம் டைட்டா வெச்சா அடங்கிடும்னு ஒரு மெக்கானிக் சொல்றார். ஆயில்ல சத்தம் குறைக்கிற மருந்து ஊத்துன்னு இன்னொருத்தர் சொல்றார். எதைச் செய்யலாம்?

ராக்கர்_கவர்:
ரெண்டும் வேணாம். ஆயில் பிரஷர்ல இடைவெளியைத் தானா சரி பண்ணிக்கிற ஹைட்ராலிக் டாப்பெட் இந்த எஞ்சின்ல கிடையாது, எல்லாம் கெட்டி டாப்பெட். அதனால ஆயில் மருந்துக்கு இங்க வேலையே இல்ல.

டைட் வெக்கறது அதைவிட மோசம். வால்வு வாங்குற சூட்டுல பெரும்பங்கு சீட்ல உக்காந்திருக்கிற நேரத்துலதான் ஹெட்டுக்கு இறங்குது. இடைவெளி இல்லாம வெச்சா, தண்டு சூட்டுல நீண்டு வால்வு முழுசா மூடாது. வெடிக்கிற நெருப்பு அந்தச் சந்துல ஊதி வால்வு ஓரத்தைத் தின்னுடும். மொதல்ல போறது எக்ஸாஸ்ட் வால்வுதான். சத்தம் அடங்கிடுச்சுன்னு நிம்மதியா ஓட்டுவீங்க, கொஞ்ச நாள்ல கம்ப்ரஷன் போயி ஹெட்டை இறக்க வேண்டி வரும்.

மொதல்ல சத்தத்தை எண்ணுங்க. ஐடிலிங் 700 ஆர்பிஎம்னா, வால்வைத் திறக்கிற கேம் ஷாஃப்ட் அதுல பாதி, 350 தான் சுத்தும். போன்ல 10 விநாடி பதிவு பண்ணி, வேகத்தைப் பாதியாக்கிப் போட்டு எண்ணுங்க. 58 கிட்ட வந்தா ஒரு வால்வு, ஒரு நாசில் (டீசலைப் பீய்ச்சுற இன்ஜெக்டர்), இல்ல ஒரு சிலிண்டரோட எக்ஸாஸ்ட் லீக். இது மூணும் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் அடிக்கும். 116 கிட்ட வந்தா கிராங்க் வேகம். அப்ப டாப்பெட் கவரைத் தொடாதீங்க, முன்னாடி புல்லி, பின்னாடி ஃபிளைவீல் பக்கம் போங்க. ஃபேன் பெல்ட்டைக் கழட்டிட்டு ஒரு நிமிஷம் மட்டும் ஓட்டுனா பெல்ட், ஆல்டர்னேட்டர் சத்தமான்னு தெரிஞ்சுடும்.

நீங்க சொல்றதைப் பாத்தா எனக்கு எக்ஸாஸ்ட் மெனிஃபோல்ட் மேலதான் சந்தேகம், அதாவது ஆறு சிலிண்டர் புகையையும் சேர்த்து வெளிய விடுற வார்ப்புக் குழாய். எஞ்சின் ஆறி இருக்கும்போது பலமா கேட்டு, இரும்பு சூடாகி விரிஞ்சதும் குறையறது பாக்கிங் லீக்கோட குணம். இந்த எஞ்சின்ல எக்ஸாஸ்ட் வலது பக்கம்தான், அதுவும் ஒத்துப் போகுது. லோடோட மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது சத்தம் கூடுதான்னு கவனிங்க. லீக்குன்னா கூடும், டாப்பெட்டுன்னா பெரிசா மாறாது.

எஞ்சின் ஆறினதும் மெனிஃபோல்டும் ஹெட்டும் சேர்ற கோட்டுல டார்ச் அடிச்சுப் பாருங்க. லீக் இருக்கிற இடத்துல விசிறி விரிச்ச மாதிரி கரி படிஞ்சிருக்கும். கரி தெரியலன்னா சைலன்சர் குழாய்ல துணி சுத்தி, குறைஞ்ச பிரஷர்ல காத்து விட்டு, பாக்கிங் மேல சோப்புத் தண்ணி தெளிங்க. கொப்புளம் வர்ற இடம்தான் லீக். 1, 6 ரெண்டு கடைசி சிலிண்டர் போல்ட்டை நல்லாப் பாருங்க. நீளமான மெனிஃபோல்ட் விரிஞ்சு சுருங்குற இழுப்பு முழுக்க அங்கதான் விழும், தலை முறிஞ்சு நின்னாலும் பாக்க நல்ல போல்ட் மாதிரியே இருக்கும்.

பம்ப்_ரூம்:
மேலே சொன்னது சரி. நாசிலையும் கையோடு பார்த்துவிடுங்கள். ஐடிலிங்கில் ஒவ்வொரு சிலிண்டராக ஹை பிரஷர் பைப் நட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். அந்த சிலிண்டர் வேலை செய்யாமல் நிற்கும். அப்போது சத்தம் அடியோடு நின்றால் அது எரிப்போடு சேர்ந்த சத்தம்: நாசில் ஒட்டுகிறது, அல்லது அந்த சிலிண்டரில் லீக். மாறாமல் அடித்தால் வால்வு பக்கம். கண்ணாடி, கையுறை கட்டாயம், டீசல் சூடான மெனிஃபோல்டில் சிந்தக் கூடாது.

படிப்பவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன், காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயில் டீசல் போகும்) வண்டியில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அங்கே ஆயிரம் பாருக்கு மேல் பிரஷர் இருக்கும். அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றிவிடும், விரலையே எடுக்க வேண்டிய நிலை வரும். அந்த வண்டிகளில் ஸ்கேனர் போட்டு சிலிண்டரை நிறுத்திப் பாருங்கள்.

நாசிலைச் சுற்றிக் கறுப்பாக ஈரக் கரி இருந்தால் அடியில் உள்ள காப்பர் வாஷர் போய்விட்டது. பழைய வாஷரை ஓட்டையிலேயே விட்டுவிட்டு அதன் மேல் புதிது போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. நாசில் உயரம் மாறி எரிப்பே கெடும். பழையதை எடுத்து, உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்து, ஒரே ஒரு புது வாஷர். நாசில் நட்டை இறுக்கும் அளவு 60 நியூட்டன் மீட்டர்.

மணலி_டிரெய்லர்:
எண்ணுனேன், 10 விநாடிக்கு 57. ஆறாவது சிலிண்டர் மெனிஃபோல்ட்ல கரி இருக்கு, ஒரு போல்ட் தலையே இல்ல. நட்டைத் தளர்த்துனப்ப ஆறாவதுல சத்தம் முக்கால்வாசி நின்னுச்சு. மிச்சம் சின்னதா ஒரு டிக் மட்டும் எதுக்கும் மாறாம அடிக்குது. முறிஞ்ச போல்ட்டை எப்படி எடுக்கிறது?

ராக்கர்_கவர்:
அப்ப ரெண்டு கோளாறு. போல்ட்டை மொதல்ல பாருங்க. கடல் காத்துல ஓடுற வண்டி, துரு பிடிச்சு இறுகியிருக்கும். முந்தின ராத்திரியே துரு எண்ணெய் விட்டு ஊற வைங்க. வெளிய கொஞ்சம் நீட்டிட்டு இருந்தா அது மேல நட்டு வெச்சு வெல்டு அடிச்சு, அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள மெதுவா முன்னும் பின்னும் ஆட்டி எடுங்க. உள்ளேயே முறிஞ்சிருந்தா கையால துளை போடாதீங்க, கோணலாப் போனா ஹெட்டே வீண். லேத் ஆளைக் கூப்பிடுங்க. மெனிஃபோல்ட் முகத்துல ஸ்கேல் வெச்சு, வளைஞ்சிருந்தா சீவிட்டுதான் மாட்டணும். இல்லன்னா புது பாக்கிங்கும் சீக்கிரமே ஊதிடும். நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் வெளிய போற வரிசையில 43 நியூட்டன் மீட்டர். ஒரு ஓட்டம் முடிஞ்சு ஆறினதும் மறுபடி செக் பண்ணுங்க.

மிச்சம் இருக்கிற டிக் டாப்பெட்தான். இன்டேக் 0.25 மி.மீ., அதாவது 10 தௌ (ஒரு தௌ அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு). எக்ஸாஸ்ட் 0.50 மி.மீ., 20 தௌ. எஞ்சின் ஆறியிருக்கணும், கூலன்ட் 60 டிகிரிக்குக் கீழ. பேட்டரியைக் கழட்டிட்டு, கியர் நியூட்ரல்ல இருக்கட்டும்.

ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர் எரியற வரிசை, 1-5-3-6-2-4. ஓவர்லேப் பாத்து வைங்க, அதாவது ஒரு சிலிண்டரோட எக்ஸாஸ்ட் மூடி இன்டேக் திறக்கிற நேரத்துல ரெண்டு வால்வும் ஆடும்போது, அதுக்கு ஜோடி சிலிண்டரை செட் பண்ணுங்க: 6 ஆடும்போது 1, 2 ஆடும்போது 5, 4 ஆடும்போது 3, 1 ஆடும்போது 6, 5 ஆடும்போது 2, 3 ஆடும்போது 4. எது எக்ஸாஸ்ட்னு குழப்பம் வந்தா, எஞ்சின் சுத்துற திசையிலேயே திருப்புங்க. ஓவர்லேப்ல மூடிட்டு வர்றது எக்ஸாஸ்ட், திறக்க ஆரம்பிக்கிறது இன்டேக். டைமிங் பின் போட்டு பாயின்ட் (ஒண்ணாவது பிஸ்டன் உச்சிக்கு வர்ற இடம்) பாக்கறவங்க, திருப்புறதுக்கு முன்னாடி பின்னை வெளிய இழுத்துடணும். மறந்தா முறிஞ்சுடும்.

ஃபீலர் (இடைவெளி அளக்கிற தகடு) லேசா பிடிச்சு வரணும், மூடுன நோட்டுக்குள்ள இருந்து தாளை உருவுற மாதிரி. லாக் நட்டை 24 நியூட்டன் மீட்டர் இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பப் பாக்கும். ஸ்க்ரூ டிரைவரை விடாம பிடிங்க. இறுக்கினப்புறம் ஃபீலரை மறுபடி விட்டுப் பாக்காம அடுத்ததுக்குப் போகாதீங்க. செட் பண்ணியும் சத்தம் வருதுன்னு சொல்றவங்க பாதிப்பேர் தப்பு பண்றது இங்கதான்.

பம்ப்_ரூம்:
அளவு சரியாக இருந்தும் அடித்தால் ராக்கர் (வால்வை அழுத்தும் கை) முகத்தைப் பாருங்கள். வால்வு தண்டு படும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள், நகம் இடறினால் குழி விழுந்திருக்கிறது. அகலமான ஃபீலர் அந்தக் குழியின் இரண்டு கரையிலும் பாலம் போல நின்றுவிடும், தண்டு மட்டும் குழிக்குள் இறங்கும். குழி 5 தௌ என்றால், நீங்கள் 20 வைத்தாலும் உண்மையில் இருப்பது 25. அந்த ராக்கரை மாற்றத்தான் வேண்டும். ராக்கரைத் தள்ளும் புஷ் ராடையும் உருவி, கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், வளைந்தது தட்டித் தட்டி உருளும்.

செட் செய்த இடைவெளி சில வாரத்தில் அதே வால்வில் மறுபடி கூடினால் கேம் மேடோ டாப்பெட்டோ தேய்கிறது. டயல் கேஜ் வைத்து, மற்ற ஐந்து சிலிண்டரின் அதே வால்வோடு தூக்கலை ஒப்பிடுங்கள். ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்த்தால் இரும்புத் தூள் மின்னும். இந்த எஞ்சினில் டாப்பெட் மேல் வழியாக வராது, கேம் ஷாஃப்டை உருவித்தான் எடுக்க வேண்டும். இடைவெளி கூடாமல் குறைந்துகொண்டே போனால் வால்வு சீட்டுக்குள் இறங்குகிறது. அதற்குச் சத்தமே வராது, அதனால் அளவைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

உங்கள் ஓட்டத்தில் பாதி நேரம் ஐடிலிங் என்பதால் ஆயிலை கிலோமீட்டர் கணக்கில் மட்டும் மாற்றாமல் மணிக் கணக்கையும் பாருங்கள். டிப் ஸ்டிக்கில் மட்டம் தானாக ஏறினால் டீசல் கலக்கிறது. சூடான ஐடிலிங்கில் பிரஷர் 10 பிஎஸ்ஐக்குக் கீழே போகக் கூடாது, ரேஸ் ஏற்றிப் பிடித்தால் 30 இருக்க வேண்டும்.

ஆறு சிலிண்டருக்கும் தனித்தனி கவர், நடுவில் ஒரே போல்ட். அதையும் 24 நியூட்டன் மீட்டரோடு நிறுத்துங்கள். கூடுதலாக இறுக்கினால் கவர் நசுங்கி, ஆயில் நேராகப் புது மெனிஃபோல்ட் பாக்கிங் மேல் வடியும். அந்தப் புகையைப் பார்த்து மறுபடி லீக் என்று கழற்ற வேண்டி வரும்.