கண்மாய்ல கேபிபாராவா?

சித்திக், கீழக்கரை: ஃபார்வர்டு வீடியோ
"நம்ம கண்மாய் சேத்துல கேபிபாரா!!" இது நெசமா? பிள்ளைக காலைல இருந்து இதே பேச்சு

டாக்டர் முனியசாமி (கால்நடை): பாய், கடைசில நிறுத்திப் பாருங்க. நீட்டு வால் இழுபட்டுப் போகுது. கேபிபாராவுக்கு வால்னு சொல்ல ஒண்ணுமே கிடையாது. பெருச்சாளியக் கிட்டப் போயி எடுத்திருக்காங்க

டாக்டர் முனியசாமி (கால்நடை): தடத்துலயும் தெரியும். முன்னங்கால்ல 4 விரல், பின்னங்கால்ல 3, நடுவுல கொஞ்சம் சவ்வு

மாலதி டீச்சர்: கேபிபாரா தென் அமெரிக்க விலங்கு. பெருச்சாளிக்குத் தூரத்துச் சொந்தம்தான், கொறிக்கிற இனம். ஆனா எடை 35ல இருந்து 65 கிலோ. வெனிசுவேலா, கொலம்பியால லானோஸ் சமவெளி, பிரேசில்ல பன்டனால் சதுப்பு, அங்கதான் கூட்டங்கூட்டமா இருக்கு

சித்திக், கீழக்கரை: சேறு எங்கயும் சேறுதானே டீச்சர். கொண்டாந்து விட்டா பொழைக்காதா?

டாக்டர் முனியசாமி (கால்நடை): சேறு மட்டும் போதாது பாய், முங்குற ஆழத்துக்குத் தண்ணி வேணும். ஜாகுவார்ங்கிற பெரும்பூனை வந்தா குதிச்சு முங்கிரும், 5 நிமிஷம் வரை மூச்சடக்கும். கண்ணு, காது, மூக்கு எல்லாம் தலை உச்சியில. உடம்பு உள்ள கிடந்தாலும் சுத்திப் பார்த்துக்கிட்டே இருக்கும். இணை சேர்றதும் தண்ணிலதான்

மாலதி டீச்சர்: சேறு எதுக்குன்னா, முடி ரொம்பக் கம்மி. வெயில்ல தோல் காஞ்சு போகும். நம்ம எருமை புரளுற கதைதான்

ஜெரோம் பாம்பன்: லானோஸும் கோடைல காயும்ல அண்ணே?

டாக்டர் முனியசாமி (கால்நடை): காயும் தம்பி. அங்கதான் விஷயமே. வறட்சியில வத்தாத மடுவைத் தேடி, பத்து இருபதா மேஞ்ச கூட்டமெல்லாம் ஒண்ணு சேர்ந்து 100 வரைக்கும் ஆயிரும். நம்ம கண்மாய் ஐப்பசி கார்த்திகையில பெருகுது, சித்திரையில பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்குது. மடு எங்க மிஞ்சுது?

மாலதி டீச்சர்: ஒரு நாளைக்கு 3 கிலோ பச்சைப்புல் வேற. சீமைக்கருவேலத்துக்குள்ள புல்லுக்கு எங்க போக 😀

டாக்டர் முனியசாமி (கால்நடை): அடைச்சு வளர்க்கிற இடத்துல முதல்ல கெடுறதும் தீனிதான். பல்லு ஆயுசுக்கும் வளரும், முரட்டுப் புல்லை அரைச்சாத்தான் தேயும். இல்லேன்னா கோணி, வாய் மூட முடியாது. வைட்டமின் சி-யும் அதுக்கு உடம்புல ஊறாது, நமக்கு ஊறாத மாதிரி. காஞ்ச தீவனம் மட்டும் போட்டா ஈறுல ரத்தம் கசியும்

டாக்டர் முனியசாமி (கால்நடை): காலையில அது போட்ட புழுக்கையை அதுவே திங்கும். சீக்குன்னு பயப்படக் கூடாது. முதல் சுத்துல சேராத சத்து ரெண்டாஞ்சுத்துல சேரும். முயலும் இதைத்தான் செய்யுது

சித்திக், கீழக்கரை: டாக்டரே, பசியாறிக்கிட்டு இருக்கேன் 🤢

ஜெரோம் பாம்பன்: இதைக் கேளுங்க பாய். வெனிசுவேலால புனித வாரத்துல கறி விலக்குறவங்களும் இதைத் திங்கிறாங்க. தண்ணில கிடக்குதுல்ல, மீன் கணக்குல சேர்த்துட்டாங்க. எங்க ஊர்ல இதைச் சொன்னா அடிக்க வருவாங்க

மாலதி டீச்சர்: பாய், பிள்ளைகளைத் தை மாசம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பக்கம் கூட்டிட்டுப் போங்க. ரெண்டும் ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களோட பட்டியல்ல, சேர்ந்த கண்மாய். தண்ணி நின்னா நாரைக் கூட்டம் பார்க்கலாம்

சித்திக், கீழக்கரை: சரி டீச்சர். வீடியோவ அழிச்சிட்டேன். ஆனா இன்னும் 4 குரூப்ல கிடக்கு 🙈