சருகு போன்ற இந்த அந்துப்பூச்சி எந்த வகை?

வணக்கம் நண்பர்களே. பண்ருட்டி அருகே எங்கள் கொய்யா மரத்தடியில், உதிர்ந்த இலைகளுக்கு நடுவே இந்த அந்துப்பூச்சியைப் பார்த்தேன். படத்தைப் பாருங்கள்: முன்னிறகில் இலையின் நடுநரம்பு போலவே ஒரு கோடு, அங்கங்கே பச்சைத் திட்டு. ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டதும் இறகை விரித்தது. உள்ளே பளீரென்ற ஆரஞ்சு நிறம், அதில் வளைந்த கருப்புப் பட்டை. என்ன அழகு!

பழச்சாறு உறிஞ்சும் யூடோசிமா பேரினம் என்றே நினைக்கிறேன். அதன் புழுக்கள் தின்னும் சீந்தில் கொடி வேலியெங்கும் படர்ந்திருக்கிறது. இந்தப் பேரினத்தில் மெட்டர்னா என்ற இனமாக இருந்தால் பின்னிறகில் வட்டமான கரும்புள்ளி இருக்க வேண்டும், இதில் இல்லை. அப்படியானால் இது அதே பேரினத்தின் மற்ற இனங்களான ஃபலோனியாவா, ஹோமேனாவா? பிரித்தறியத் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

இன்னொன்று: கொய்யா பழுக்கத் தொடங்கிவிட்டது. இந்தப் பூச்சியைக் கொல்ல மனமில்லை. மருந்தடிக்காமல், பழங்களுக்கு உறை கட்டினால் போதுமா?