நாட்குறிப்பென்று நம்பிய நாவலும் நாவலென்று தோன்றிய உண்மையும்

கேள்வி:
அண்மையில் அடுத்தடுத்து வாசித்த இரண்டு நூல்கள் என்னை வெகுவாகக் குழப்பிவிட்டன. ஒன்று, 1665இல் லண்டனைத் தாக்கிய கொள்ளைநோயைப் பற்றி டேனியல் டீஃபோ 1722இல் வெளியிட்ட ‘கொள்ளைநோய் ஆண்டின் குறிப்பேடு’. நேரில் கண்டவர் எழுதியதென்றே நம்பி, வாராந்திர மரணப் பட்டியல்களின் எண்களைக்கூட நிறுத்தி நிதானமாகப் படித்தேன். அந்த ஆண்டில் டீஃபோவுக்கு ஏறத்தாழ ஐந்து வயதுதான் என்பது பிறகே தெரிந்தது. மற்றொன்று, அந்நகரின் மீது விழுந்த அணுகுண்டில் உயிர்பிழைத்த ஆறு பேரைப் பற்றி ஜான் ஹெர்சி எழுதிய ‘ஹிரோஷிமா’. நாவலைப் போல நகரும் அந்நூலில் வருபவை யாவும் நடந்தவை. புனைவென்று அறிந்தபின் முதல் நூலின் மீதிருந்த பிடிப்பு தளர்ந்துவிட்டது. உங்களுக்கும் இப்படி நேர்ந்ததுண்டா?

பதில் 1:
நேர்ந்தது, ஆனால் மறுவாசிப்பில் பிடிப்பு திரும்பிவிட்டது. அந்த மரணப் பட்டியல்கள் டீஃபோவின் கற்பனையல்ல. 1720இல் பிரான்சின் மார்செய் நகரில் கொள்ளைநோய் பரவிய அச்சத்தின் பின்னணியில், பழைய ஆவணங்களைத் துணைகொண்டே அவர் எழுதினார். முற்றத்தில் கிடக்கும் பணப்பையைத் தொட எவரும் துணியாதபோது, ஒருவர் வெடிமருந்தைக் கொளுத்திப் புகையவிட்டு, பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் பையைத் தூக்கி, அது தீய்ந்தபின் காசுகளை வாளித் தண்ணீரில் உதறும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அது நடந்ததோ இல்லையோ, தொற்றின் அச்சம் மனிதரின் கைகளை எப்படி இயக்கும் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் இவ்வளவு துல்லியமாகக் காட்டியதில்லை.

பதில் 2:
மேலே உள்ள கருத்தை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. குண்டு விழுந்த கணத்தில் அலுவலக எழுத்தரான தோஷிகோ சசாகியின் மீது புத்தக அலமாரிகள் சரிந்து, அவரது கால் நசுங்குவதை ஹெர்சி விவரிக்கிறார். ஒரு நாவலாசிரியர் இதைக் கற்பனையாக எழுதியிருந்தால், குறியீட்டுக்காக வலிந்து புகுத்தியதென்று நாமே குறை சொல்லியிருப்போம். நடந்ததென்று தெரிவதால்தான் அக்காட்சியின் முன் பேச்சற்று நிற்கிறோம். ஆகவே எழுதியது உண்மையா புனைவா என்பதை வாசகருக்கு முன்கூட்டியே தெரிவிப்பது எழுத்தாளரின் கடமை என்றே கருதுகிறேன்.

பதில் 3:
‘ஹிரோஷிமா’வை வாசித்தவர்கள் தங்கள் பிரதியில் எத்தனை அத்தியாயங்கள் உள்ளன என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1946இல் வெளிவந்தவை நான்கே. அந்த ஆறு பேருக்கும் பின்னாளில் என்ன நேர்ந்தது என்பதை ஹெர்சி 1985இல் ஐந்தாவது அத்தியாயமாக எழுதினார். என்னை அதிகம் கலங்கச் செய்தது அதுதான்.