பூலான்ஜெரி: மூன்று அசையா, நான்கா?

புதுவரவு: அவசரம். வெள்ளிக்கிழமை பிரெஞ்சு வகுப்பில் வாய்மொழித் தேர்வு. சொல்லை அசை அசையாகப் பிரித்துக் கைதட்ட வேண்டுமாம். ரொட்டிக்கடைக்குச் சொல்லும் பூலான்ஜெரிக்கு வீடியோவில் மூன்று தட்டு, டீச்சர் நான்கு தட்டுகிறார். அழுத்தம் எங்கே என்றும் கேட்பாராம். தூக்கமே வரவில்லை.

லாச்சப்பல் வாசி: மூன்றுதான் தம்பி. பூ-லான்ஜ்-ரி. இருபது வருடமாகப் பாரிசில் இருக்கிறேன், நான்கு கேட்டதே இல்லை. நான் வந்தபோது வகுப்பாவது மண்ணாவது. கோப்பை கழுவினேன். முதலாளி கத்தக் கத்தத்தான் பிரெஞ்சு வந்தது. முதல் குளிருக்கு நல்ல சப்பாத்துகூட இல்லை.

புதுவைக்காரன்: அண்ணே, கோப்பைக் கதை அப்புறம். பிரெஞ்சில் அழுத்தமே கிடையாது. எல்லா அசையும் ஒரே கனம்.

லாச்சப்பல் வாசி: கிடையாதா? கடைசி அசையை இழு, அவ்வளவுதான்.

மழைக்குருவி: பிரெஞ்சு வந்துவிடும். குடியிருப்பு கார்ட் புதுப்பிக்க ரொந்தேவு, அதாவது சந்திப்பு நேரம், கிடைப்பதுதான் வராது. நடுராத்திரி எழுந்து பார்த்தாலும் இடம் இல்லை.

லாச்சப்பல் வாசி: அதைச் சொல்லு. வாடகையையும் சேர்த்துச் சொல்லு.

குழல்: புதுவரவு, எந்த ஊர் என்று சொல்லவே இல்லையே?

புதுவரவு: துலூஸ்.

குழல்: அதுதானே! பிரான்சின் தெற்கில் அந்த 'ஜெ'யில் வரும் 'எ'யை விழுங்க மாட்டார்கள். பூ-லான்-ஜெ-ரி, நான்கு. எழுத்தில் பிரித்தாலும் நான்கு. பாரிசில் விழுங்குவதால் மூன்று. அண்ணன் சொன்னதும் சரி, டீச்சரும் சரி. வெள்ளிக்கிழமை மட்டும் டீச்சர் பக்கம் இருங்கள்.

இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் வந்தால் அது அடுத்த உயிரோடு போகும்: அ-மி. இரண்டு மெய் என்றால் ஆளுக்கொன்று: மெர்-ஸி. ஆனால் ப, க மாதிரி வல்லினத்துக்குப் பின் எல் (l) அல்லது எர் (r) வந்தால் பிரிக்காதீர்கள்: தா-ப்லோ. நம் வாய்க்குத் தாப்-லோ என்றுதான் வரும், அங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம்.

அழுத்தம் உண்டு; ஆனால் அது சொல்லுக்கு இல்லை, ஒரே மூச்சில் சொல்லும் தொடருக்கு. லா பூலான்ஜெரி என்று நிறுத்தினால் 'ரி' நீளும். பின்னால் ஃபெர்மே (மூடிய) சேர்ந்தால் 'ரி' சாதாரணமாகிவிடும், 'மே' நீளும். அடித்துச் சொல்ல வேண்டாம், கொஞ்சம் இழுத்தால் போதும். உங்கள் ஊரில் கடைசி 'எ' காதில் விழுந்தாலும் அதில் அழுத்தம் விழாது: பெ-தீ-தெ (சிறிய) என்பதில் 'தீ'தான் நீளும்.

புதுவரவு: தா-ப்லோ, தா-ப்லோ... நாக்கு சண்டை போடுகிறது. தேர்வு காலை ஒன்பதுக்கு.

லாச்சப்பல் வாசி: நல்ல சப்பாத்து போட்டுக்கொண்டு போ தம்பி.