அப்பாவின் சோர்வு முதுமையா, மனச்சோர்வா?

கேள்வி:
விடியற்காலையில் காபியும் நாளிதழுமாகத் திண்ணையில் அமரும் என் அப்பா, பணி ஓய்வுக்குப் பின், இரண்டு மாதங்களாக நாளிதழைப் பிரிப்பதே இல்லை. ரப்பர் வளையத்தோடு அது அப்படியே கிடக்கிறது. மூன்று மணிக்கே விழித்துவிடுகிறார், பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறார், கேட்டால் "உடம்பு அசதி" என்கிறார். வயதானால் இப்படித்தான் என்று உறவினர்கள் சொல்வதை ஒரு மகளாக என்னால் ஏற்க முடியவில்லை.

மறுமொழி 1:
ஏற்க வேண்டாம், சகோதரி. விருப்பமின்மை, தூக்கக் குலைவு, பசியின்மை, சோர்வு ஆகியவை 2 வாரங்களுக்கு மேல் நாள்தோறும் நீடித்தால் மனச்சோர்வாக இருக்கக்கூடும். நம் பெரியவர்கள் பலர் மனத்தின் வலியையும் உடம்பின் வலியாகவே சொல்கிறார்கள். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே தோற்றம் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் அவசியம்.

மறுமொழி 2:
என் அம்மாவை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றபோது, "எனக்குப் பைத்தியமா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், அந்தப் பிடி இன்னும் நினைவிருக்கிறது. மாத்திரையின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதை அறியாமல் பத்தாம் நாளே நிறுத்தினோம். அது எங்கள் பிழை. மருத்துவரைக் கேட்காமல் நீங்கள் நிறுத்திவிடாதீர்கள்.

மறுமொழி 3:
சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று அப்பாவிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் இரவிலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.