பார்க்கில் நின்ற கார் பின்னால் வந்த கதை: ஓட்டோ கியர் லிங்கேஜ் அனுபவங்கள்

கோண்டாவில் சோமசெற்:

எங்கள் வீட்டில் 1953 ஒஸ்ரின் ஏ40 சோமசெற் கார் ஒன்று நிற்கிறது. அப்பப்பா வாங்கியது. 90களில் பெற்றோல் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் புகை மணம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதன் சொந்த 1200 சிசி எஞ்சின் அந்தப் பாட்டோடு முடிந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ரொயோட்டா டவுன் ஏஸ் வானில் கழற்றிய எஞ்சினையும் ஓட்டோ கியர் பொக்ஸையும் ஏற்றினோம். அமெரிக்காக்காரர் பழைய போர்ட் பொடியில் பெரிய எஞ்சினை ஏற்றி ஹொட் றொட் என்று பெயர் வைப்பார்கள். எங்களுடையதும் அதே சாதிதான், வேகம் மட்டும் இல்லை.

எஞ்சின் ஏற்றியதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, காசு இருந்தால் ஏறும். எங்களை ஆறு மாதம் அலைக்கழித்தது கியர் தடியையும் கியர் பொக்ஸையும் இணைக்கிற ஒரு முழ நீளக் கம்பி. லிங்கேஜ் என்பது இதுதான்.

சோமசெற்றுக்குக் கியர் தடி ஸ்ரியறிங் தண்டோடு இருக்கும். அது அங்கேயே இருக்க வேண்டும் என்பது அப்பாவின் ஒரே நிபந்தனை. சரி என்று தண்டின் அடியில் ஒரு கை (சின்ன நெம்புத் தகடு) வெல்ட் பண்ணி, அதில் இருந்து கியர் பொக்ஸின் கைக்குக் கம்பி இழுத்தோம். முதல் நாள் எல்லாம் தலைகீழ். மேலிருந்து பார்க் (காரைப் பூட்டி நிறுத்துவது), ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ், லோ என்று வர வேண்டும். எங்களுக்குத் தடியை மேலே தள்ளினால் லோ, கீழே இழுத்தால் பார்க். மேல்நோக்கி வைத்திருந்த கையைக் கீழ்நோக்கித் திருப்பி வெல்ட் பண்ண அது சரியாகிவிட்டது. அந்த ஒரு விசயத்துக்கு மூன்று பேர் அரை நாள் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தோம்.

அடுத்த பிழை கண்ணுக்குத் தெரியாதது. கியர் பொக்ஸ் பக்கத்துக் கை 80 மில்லிமீற்றர் நீளம். நாங்கள் தண்டில் வைத்த கை வெறும் 45. தடி அதன் முழுத் தூரமும் போனாலும் கீழே கம்பி போதுமான அளவு நகரவில்லை. நடுவில் நியூட்ரலுக்குச் சரியாக வைத்தோம், டிரைவும் ரிவர்ஸும் விழுந்தன. பார்க்கும் விழுந்த மாதிரித்தான் இருந்தது. மாதிரி என்ற சொல்லைக் கவனியுங்கள்.

யாழ்ப்பாணம் முழுக்கத் தட்டை. காரை எங்கே விட்டாலும் அது பாட்டுக்கு நிற்கும். பார்க் உண்மையில் பூட்டுகிறதா என்று காட்டிக்கொடுக்க ஒரு மேடு கூட எங்கள் பக்கம் இல்லை. நாலு மாதம் ஓடினோம்.

ஒரு ஞாயிறு காலை காரை ஒழுங்கைக்கு எடுத்து, பார்க்கில் போட்டு, எஞ்சினை நிறுத்தாமல் இறங்கிப் படலையைச் சாத்தப் போனேன். முன் சீற்றில் அம்மா. படலைக்கும் காருக்கும் நடுவில் நான் நிற்கிறேன். "தம்பி, கார் வருகுதடா!" என்று அம்மா கத்திய சத்தத்தில் வேலிப் பக்கம் பாய்ந்தேன். கார் மெதுவாக, நடக்கிற வேகத்தில் வந்து படலைத் தூணில் முட்டி நின்றது. தூண் வெடித்தது, பம்பர் நெளிந்தது. என் காலுக்கு ஒன்றும் இல்லை.

அடியில் படுத்துப் பார்த்தபோது தெரிந்தது, ஒவ்வொரு நிலைக்கும் கை விழுந்து நிற்க ஒரு பள்ளம் உண்டு, கியர் பொக்ஸின் கை ரிவர்ஸ் பள்ளத்தை விட்டு வெளியே வந்திருக்கிறது, பார்க் பள்ளத்துக்குள் விழவில்லை. இரண்டுக்கும் நடுவில் தொங்கி நின்றிருக்கிறது. எஞ்சின் அதிர்வில் அது கொஞ்சம் பின்வாங்கினால் போதும், எண்ணெய் அழுத்தம் ரிவர்ஸுக்குப் போய்விடும்.

தண்டின் கையை 70 ஆக நீட்டினோம். தடி முந்தியதை விடக் கொஞ்சம் இறுக்கம், ஆனால் ஒவ்வொரு பள்ளமும் கையில் டக் என்று தெரிகிறது.

சுன்னாகம் கராச்காரர்:

தம்பி, கும்பிட்டுக்கொள்ளும், தூணோடு போனது.

எங்களிடம் இப்படி மாற்றி ஏற்றிய வண்டிகள் வரும். எல்லாரும் தடியைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்குகிறார்கள். அது பிழை. முதலில் கம்பியைக் கழற்றி விடுங்கோ. கியர் பொக்ஸின் கையைக் கையால் பார்க் பக்கம் கடைசி வரை தள்ளுங்கோ. அங்கிருந்து இரண்டு பள்ளம் எண்ணித் திரும்பி வந்தால் நியூட்ரல். பிறகு மேலே தடியை நியூட்ரலில் வைத்து, கம்பியை மாட்டி, ரிவர்ஸ் பக்கம் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கோ. அந்த இழுவை தேய்ந்த புஷ்களின் (மூட்டு வளையங்களின்) ஆட்டத்தை எடுத்துவிடும். ஐம்பது, அறுபது வயது ஸ்ரியறிங் தண்டில் ஆட்டம் இல்லாமல் இருக்காது. கம்பியை இழுத்து வளைத்துத் துவாரத்தில் பொருத்த வேண்டி வந்தால் நீளம் பிழை என்று அர்த்தம்.

பார்க்கைச் சோதிக்க மேடு தேவையில்லை. எஞ்சினை நிறுத்தி, கைப் பிறேக்கை விட்டு, இரண்டு பேர் முன்னும் பின்னும் தள்ளுங்கோ. கொஞ்சம் அசைந்து டொக் என்று நிற்க வேண்டும். ரயில் கடவை ஏற்றத்தில் போய்ப் பார்க்கிற ஆட்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்று. பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் ஸ்ராட் எடுக்க விடுகிற சுவிட்ச் ஒன்று கியர் பொக்ஸில் இருக்கும். லிங்கேஜ் சரியில்லாமல் ஸ்ராட் வராவிட்டால் சுவிட்சை ஒதுக்கி அந்த வயரை நேராகக் கொடுத்துவிட்டு ஓடுகிறார்கள். எனக்கு இதுதான் உண்மையான கோபம். சுவிட்ச் உங்களுக்குச் செய்தி சொல்கிறது, நீங்கள் அதன் வாயைக் கட்டுகிறீர்கள்.

ஸ்காபறோவில் (கனடா) இருந்து:

சோமசெற் அண்ணைக்கு நடந்தது அமெரிக்காவில் பெரிய வழக்காகவே வந்த விசயம். 1966 முதல் 1980 வரையான போர்ட் வாகனங்கள் பார்க்கில் இருந்து ரிவர்ஸுக்கு நழுவுகின்றன என்ற முறைப்பாட்டில், 1980 முடிவில் அமெரிக்க அரசோடு உடன்பாடு வந்தது. திருப்பி அழைத்துத் திருத்தவில்லை. சுமார் 2 கோடி 30 இலட்சம் வாகனச் சொந்தக்காரருக்கு எச்சரிக்கை ஸ்ரிக்கர் அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

என்னிடம் இருப்பது பழைய பிக்கப் ஒன்று, ஜிஎம் டர்போ 350 கியர் பொக்ஸ். கம்பி வேண்டாம், கேபிள்தான் சுகம் என்று நிலத்தில் வைக்கிற சிப்ரர் (கியர் தடி) வாங்கினேன். கேபிளுக்கு ஒரு சுகம் உண்டு: எஞ்சின் ரப்பரில் ஆடினாலும் அதற்குக் கவலை இல்லை. கம்பி என்றால் அக்சிலேற்றரை மிதிக்கும்போது எஞ்சின் சரிய, கம்பியும் இழுபடும். ஆனால் நான் கேபிளை எக்சோஸ்ற் குழாய்க்கு ஒட்டினாற்போல் கொண்டுபோனேன். ஒரு கோடைக்குள் உறை உருகி, உள்ளே கம்பி பிடித்துக்கொண்டது. டிரைவில் இருந்து தடி வரமாட்டேன் என்கிறது, பின்னால் வரிசையாகக் கார்கள். இப்போது மற்றப் பக்கத்தால், பெரிய வளைவாகச் சுற்றிக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.

நல்லூர் மைனர்:

என்னுடையது மொறிஸ் மைனர், ரொயோட்டா ஓட்டோ. லிங்கேஜ் முதல் நாளே சரி. ஆனால் கியர் வழுக்கி வழுக்கி மாறியது, ஒரு மாதம் லிங்கேஜையே திருகிக்கொண்டு இருந்தேன். பிழை காபரேற்றரில் இருந்து கியர் பொக்ஸுக்குப் போகிற கேபிளில். எவ்வளவு மிதிக்கிறோம் என்று கியர் பொக்ஸுக்குச் சொல்வது அது. அது வேறு, கியர் தடி வேறு. அக்சிலேற்றர் முழுக்க மிதித்த நிலையில், கேபிளில் இருக்கிற சின்னக் குமிழுக்கும் உறை வாய்க்கும் இடையில் 1 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது. எனக்கு ஒரு விரல் இருந்தது. கிளச் தட்டுகள் கருகியதற்குக் கொடுத்த காசை இங்கே எழுதினால் மனிசி பார்ப்பா.

கோண்டாவில் சோமசெற்:

கராச் ஐயா சொன்னபடி கம்பியைக் கழற்றித் திரும்ப முதலில் இருந்து வைத்தேன். ஒரு சுற்று நட் வித்தியாசம் இருந்தது. வயரும் நேராகக் கொடுத்துத்தான் இருந்தது, அதையும் மாற்றியாயிற்று, ஏச வேண்டாம். தள்ளிப் பார்க்க அப்பாவும் வந்தார், டொக் என்று நின்றது.

தூண் கட்டியாயிற்று. ஆனாலும் அம்மா காரில் இருந்தால், தான் இறங்கிப் பின் சில்லுக்கு ஒரு கல் வைத்த பிறகுதான் என்னைப் படலை சாத்த விடுகிறா.