பயோ ஏசியாவில் முதல் ஸ்டால்: லாம்ப் கிட்டை எப்படிக் கொண்டுபோவது, எப்படிக் காட்டுவது?

இறால்கிட் கேட்டது:

வணக்கம். நாங்கள் நான்கு பேர் நடத்தும் சிறு நிறுவனம், சென்னை. இறாலில் வெண்புள்ளி வைரஸையும் இ.எச்.பி.யையும் (வளர்ச்சியைக் குறைக்கும் ஒட்டுண்ணி) குஞ்சுப் பருவத்திலேயே கண்டுபிடிக்கும் லாம்ப் கிட் செய்கிறோம். லாம்ப் என்பது ஒரே வெப்பநிலையில் கிருமியின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் காட்டும் சோதனை. ஃபீனால் ரெட் சாயம், 65 டிகிரி, 30 நிமிடம். கிருமி இருந்தால் ரோஸ் நிறம் மஞ்சளாகும். பிப்ரவரியில் ஹைதராபாத்தில் நடக்கும் பயோ ஏசியா உயிரித் தொழில்நுட்ப மாநாட்டுக் கண்காட்சியில் 9 சதுர மீட்டர் ஸ்டால் எடுக்கலாம் என்று இருக்கிறோம்.

நான்கு சந்தேகங்கள். மாஸ்டர் மிக்ஸ் (நொதி, சாயம் எல்லாம் சேர்ந்த கலவை) திரவமாகத்தான் இருக்கிறது. ட்ரை ஐஸில் வைத்து விமானத்தில் கொண்டுபோகலாமா? ஸ்டாலிலேயே சின்ன ஃபிரிட்ஜும் ஹீட் பிளாக்கும் வைத்து டெமோ காட்டலாமா? போஸ்டரில் பிரைமர் (கிருமியின் டி.என்.ஏ.வில் ஒட்டிப் பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) வரிசையைப் போட்டால் காப்புரிமைக்குச் சிக்கல் வருமா? இன்னும் விண்ணப்பிக்கவில்லை. கடைசியாக, ஹேச்சரி (இறால் குஞ்சுப் பொரிப்பகம்) வைத்திருப்பவர்கள் அங்கே எவ்வளவு பேர் வருவார்கள்?

---

பைப்பெட் பதில்:

ட்ரை ஐஸ் வேண்டாம். விமான விதி இரண்டாவது காரணம்தான். முதல் காரணம் உங்கள் சாயம்.

நிறம் மாறும் லாம்ப் மிக்ஸில் பஃபர் (பி.எச். மாறாமல் தாங்கும் பொருள்) வேண்டுமென்றே மிகக் குறைவாக இருக்கும். டி.என்.ஏ. பெருகும்போது வெளியாகும் புரோட்டான் பி.எச்.சை இறக்கினால்தான் மஞ்சள் வரும். அதே பலவீனம் கார்பன் டை ஆக்சைடுக்கும் வழிவிடுகிறது. ட்ரை ஐஸ் என்பதே உறைந்த கார்பன் டை ஆக்சைடு, −78 டிகிரி. அந்தக் குளிரில் டியூப் மூடி சுருங்கி இடைவெளி விடும், வாயு உள்ளே போகும். உருகும்போது அது கரைந்து கார்பானிக் அமிலமாகி, ஹீட் பிளாக்கில் வைப்பதற்கு முன்பே மிக்ஸ் ஆரஞ்சாகவோ மஞ்சளாகவோ நிற்கும். நெகட்டிவ் கன்ட்ரோலும் (கிருமி டி.என்.ஏ. சேர்க்காத ஒப்பீட்டு டியூப்) மஞ்சளாக இருந்தால், பார்க்க வந்தவர் கிட்டையே நம்பமாட்டார்.

தெர்மோகோல் பெட்டி, −20 டிகிரியில் ஒரு இரவு உறையவைத்த ஜெல் பேக், நடுவில் டியூப். சென்னை–ஹைதராபாத் தூரத்துக்கு இது போதும். போகும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள்: ஒரு தொகுதியை 4 டிகிரியில் மூன்று நாள் வைத்து, −20 டிகிரியில் இருந்ததோடு சேர்த்து ஓட்டுங்கள். பாசிட்டிவ் (கிருமி டி.என்.ஏ. சேர்த்த டியூப்) மஞ்சளாக மாறும் நேரம் இரண்டு மூன்று நிமிடத்துக்குமேல் தள்ளிப்போனால் தினமும் புது ஜெல் பேக்குக்கு ஏற்பாடு செய்யவேண்டும்.

ட்ரை ஐஸ் தவிர வேறு வழியே இல்லை என்றால், டியூப்களை ஃபாயில் பையில் வெப்பத்தால் சீல் செய்து, மேலே இன்னொரு ஜிப் பை போடுங்கள். இறங்கியதும் பையைப் பிரிக்காமல் சாதாரண ஃபிரீசருக்கு மாற்றி, ஒரு இரவு விட்டுத் திறங்கள். பயணிக்கு 2.5 கிலோ வரைதான், அதுவும் விமான நிறுவனத்தின் முன் ஒப்புதலோடு. பெட்டியை டேப்பால் காற்றுப்புகாமல் அடைக்கவே கூடாது. வாயு வெளியேற வழி இல்லாவிட்டால் பெட்டி வெடித்துவிடும்.

---

அரங்கம் பதில்:

டெமோ, ஃபிரிட்ஜ் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கண்காட்சி அரங்குகளில் மாலை மூடியதும் ஸ்டால் மின்சாரத்தை மெயினிலேயே அணைத்துவிடுவது வழக்கம். ஃபிரிட்ஜ் இரவெல்லாம் நின்றுவிடும், காலையில் திரும்பக் குளிர்ந்துவிடுவதால் நடந்தது யாருக்கும் தெரியாது, டெமோ மட்டும் தவறும். 24 மணி நேர இணைப்பு வேண்டுமென்றால் எக்ஸிபிட்டர் மேனுவலில் உள்ள மின்சாரப் படிவத்தில் தனியாகக் கேட்டு, தனிக் கட்டணம் கட்டவேண்டும். படிவத்துக்கான கடைசித் தேதிக்குப் பிறகு கேட்டால் கிடைப்பது அரிது. உங்கள் அளவுக்கு ஃபிரிட்ஜே தேவையில்லை. தங்குமிடத்து ஃபிரீசரில் ஜெல் பேக்கை மாற்றி மாற்றி வைத்தாலே போதும்.

30 நிமிடம் நின்று பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. அரை மணிக்கு ஒரு செட் போடுங்கள்: ஒன்று முடிந்து தட்டில், ஒன்று பிளாக்கில். வருபவர் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்ப்பார். 30 நிமிடத்தில் கட்டாயம் எடுத்துவிடுங்கள். மறந்து 50, 60 நிமிடம் விட்டால் பிரைமர்கள் தங்களுக்குள்ளேயே ஒட்டிப் பெருகி நெகட்டிவும் மஞ்சளாகிவிடும்.

ஸ்டாலில் பைப்பெட்டைத் தொடாதீர்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் லேபிலேயே 25 மைக்ரோ லிட்டராக ஸ்ட்ரிப் டியூபில் நிரப்பி மூடி, குளிரில் கொண்டுவாருங்கள். பாசிட்டிவுக்கு பிளாஸ்மிட் (கிருமியின் மரபணுத் துண்டைச் சேர்த்த வளைய டி.என்.ஏ.) போதும். நோயுற்ற இறால் திசு அரங்குக்குள் வரவே கூடாது. ஓடி முடிந்த டியூபை யார் கேட்டாலும் திறக்காதீர்கள். லாம்ப் உண்டாக்கும் டி.என்.ஏ.வின் அளவு மிக அதிகம். ஒரு மூடி திறந்தால் மேசை, கையுறை, மிச்ச டியூப் எல்லாவற்றிலும் பரவும், பிறகு நெகட்டிவ் நெகட்டிவாக வராது. முடிந்தவற்றை இரட்டை ஜிப் பையில் போட்டு லேபுக்கே திரும்பக் கொண்டுபோங்கள்.

சின்ன விஷயம், ஆனால் பலர் கோட்டைவிடுவது: ஸ்டால் ஸ்பாட் லைட் மஞ்சளாக இருந்தால் ரோஸும் மஞ்சளும் ஒன்றுபோலத் தெரியும். வெள்ளை எல்.இ.டி. விளக்கு ஒன்றும் டியூபுக்குப் பின்னால் வைக்க வெள்ளை அட்டையும் எடுத்துவாருங்கள்.

கருவிகளை லாரியிலோ காரிலோ அனுப்பினால் டெலிவரி சலான் வேண்டும். ‘விற்பனைக்கு அல்ல, கண்காட்சி முடிந்து திரும்பும்’ என்று எழுதுங்கள். சரக்கு மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில்லும் (ஜி.எஸ்.டி.க்காக ஆன்லைனில் எடுக்கும் சரக்குச் சீட்டு) வேண்டும், அதில் கண்காட்சிக்கென்றே தனித் தேர்வு உண்டு. திரும்பி வரும்போதும் இதே காகிதங்கள் புதிதாகப் போடவேண்டும்.

---

படிவம்2 பதில்:

பிரைமர் வரிசையைப் போஸ்டரில் போடாதீர்கள், ஸ்லைடிலும் வேண்டாம். முதலில் விண்ணப்பியுங்கள்.

கண்காட்சியில் காட்டினால் 12 மாத அவகாசம் உண்டு என்று பலர் நம்புகிறார்கள். காப்புரிமைச் சட்டம் 31-ஆம் பிரிவு அந்தச் சலுகையை மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும்தான் தருகிறது. ஐரோப்பாவில் இதைவிடக் கடுமை. ஆகவே தற்காலிக விவரக்குறிப்போடு இப்போதே போட்டுவிடுங்கள்: படிவம் 1, படிவம் 2, ஸ்டார்ட்-அப் என்பதற்குப் படிவம் 28. ஆன்லைனில் உங்கள் வகைக்குக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரக்குறிப்புக்கு அன்றிலிருந்து 12 மாதம். தற்காலிகம்தானே என்று இரண்டு பக்கத்தில் முடிக்காதீர்கள். பிரைமர் வரிசை, செறிவு, வெப்பநிலை, கண்டறியும் வரம்பு எல்லாம் அதிலேயே இருக்கட்டும். அதில் இல்லாத விஷயத்துக்கு அந்தத் தேதி கிடைக்காது.

இந்திய இறாலில் பிரித்தெடுத்த கிருமி (ஐசொலேட்) அதில் பயன்பட்டிருந்தால் பல்லுயிர்ச் சட்டத்தின் 6-ஆம் பிரிவையும் பாருங்கள். 2023 திருத்தத்துக்குப் பிறகு இந்திய நிறுவனங்கள் காப்புரிமை வழங்கப்படும் முன் தேசியப் பல்லுயிர் ஆணையத்தில் பதிவு செய்யவேண்டும். அலுவலகம் உங்கள் ஊரிலேயே, தரமணியில்.

---

கடலோரம் பதில்:

நான்காவது கேள்வியைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்கவேண்டும். பயோ ஏசியா தொடங்கியதிலிருந்து தடுப்பூசி, மருந்து, மருத்துவக் கருவி உலகத்தின் கூட்டம். ஹேச்சரிக்காரர்கள் மரக்காணத்திலும் நெல்லூரிலும் காக்கிநாடாவிலும் இருக்கிறார்கள். குஞ்சு விற்கும் வேலையை விட்டு, பயோ ஏசியா நடக்கும் ஹைதராபாத் மாதாப்பூருக்கு வருபவர்கள் குறைவு. அவர்களுக்கு இறால் துறைக் கண்காட்சிகள் தனியாக நடக்கின்றன, அங்கே தெலுங்கு பேசும் ஒருவரோடு போங்கள்.

பயோ ஏசியாவில் உங்களுக்கு வேண்டியவர்கள் வேறு: லாம்பில் டி.என்.ஏ.வைப் பெருக்கும் பிஸ்ட் பாலிமரேஸ் நொதியை மொத்தமாகத் தருபவர், கிளிசரால் இல்லாத நொதியோடு உறைஉலர்த்தித் தரும் ஒப்பந்த ஆலை, கால்நடைத் தடுப்பூசி நிறுவனங்களின் வணிகப் பிரிவு, மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்ப நிதி அமைப்பான பைராக்கின் பிக் மானியம் பற்றிப் பேச ஒருவர் (50 லட்சம் வரை, 18 மாதம்). இவர்களில் யாரும் ஸ்டால் வரிசையில் உலாவிக்கொண்டு உங்களைக் கண்டுபிடிக்கமாட்டார்கள். பார்ட்னரிங் தளத்தில் முன்கூட்டியே நேரம் வாங்கவேண்டும். கோரிக்கை மூன்று வரி போதும்: என்ன செய்கிறோம், எந்த நிலையில் இருக்கிறது, உங்களிடம் என்ன வேண்டும். ‘ஒத்துழைப்பு பற்றிப் பேசலாம்’ என்று மட்டும் எழுதினால் பதில் வராது. ‘மாதம் இத்தனை ஆயிரம் ரியாக்ஷன் உறைஉலர்த்த விலை வேண்டும்’ என்றால் வரும்.

என் கருத்து, 9 சதுர மீட்டர் வேண்டாம். ஸ்டார்ட்-அப் பகுதியில் ஒரு மேசைக்கு விண்ணப்பியுங்கள், இருவர் போங்கள்: ஒருவர் மேசையில், ஒருவர் சந்திப்புகளில். ஹைதராபாத்தின் உயிரித் தொழில்நுட்பத் தொழிற்பகுதியான ஜீனோம் வேலியில் ஆலை பார்க்கும் திட்டம் இருந்தால் மாநாடு முடிந்த மறுநாள் வையுங்கள். மாநாட்டு அரங்கமான எச்.ஐ.சி.சி. நகரின் மேற்கில், ஜீனோம் வேலி இருக்கும் துர்க்கப்பள்ளி வடக்கில். நடுவில் போய்வந்தால் அரைநாள் போய்விடும்.

---

இறால்கிட்:

அனைவருக்கும் நன்றி. ஸ்டாலை விட்டுவிட்டு ஸ்டார்ட்-அப் மேசைக்கு விண்ணப்பிக்கிறோம், தற்காலிக விண்ணப்பம் இந்த மாதமே. ஒரு கேள்வி: பாசிட்டிவ் பிளாஸ்மிட்டை டி.இ. பஃபரில் (டி.என்.ஏ.வைச் சேமிக்கும் வழக்கமான கரைசல்) வைத்திருக்கிறோம். நேற்று 5 மைக்ரோ லிட்டர் சேர்த்தபோது மஞ்சள் வரவே இல்லை, ஆரஞ்சிலேயே நின்றுவிட்டது. பிளாஸ்மிட் கெட்டுவிட்டதா?

---

பைப்பெட்:

பிளாஸ்மிட் கெடவில்லை. டி.இ.யில் 10 மில்லிமோலார் டிரிஸ் என்ற பஃபர் இருக்கிறது. 25-இல் 5 சேர்த்தால் ரியாக்ஷனுக்குள் 2 மில்லிமோலார் வந்துவிடும், வெளியாகும் புரோட்டானை அது விழுங்கிவிடுகிறது. டி.இ.யில் உள்ள இ.டி.டி.ஏ., நொதிக்கு வேண்டிய மெக்னீசியத்தில் கொஞ்சத்தையும் பிடித்துக்கொள்கிறது. டி.இ. ஸ்டாக்கை நியூக்ளியேஸ் இல்லாத தண்ணீரில் குறைந்தது 100 மடங்கு நீர்த்து, 1 மைக்ரோ லிட்டர் மட்டும் சேருங்கள். நெகட்டிவில் அதே தண்ணீர் 1 மைக்ரோ லிட்டர். இறால் குஞ்சிலிருந்து டி.என்.ஏ. எடுக்கும் உங்கள் கிட்டின் கடைசிப் படியும் டி.இ.யில் முடிகிறதா என்று இன்றே பாருங்கள். அப்படியென்றால் ஹேச்சரியில் உண்மையான நோயே நெகட்டிவாகத் தெரியும். அதைத் தண்ணீருக்கு மாற்றி மறுபடி சரிபார்த்த பிறகு சாம்பிள் கொடுங்கள்.